18.34, ஹாம்பர்க்கில் மாறவும்

ஹூசும், 4 செப்டம்பர் 2005

அன்புள்ள இர்மி,

நலமா? முதுகுவலிக்கு நான் அனுப்பிய களிம்பைத் தடவுகிறாயா, இல்லை அதையும் உன் ஆவணக் காப்பகத்தில் எண் போட்டு அடுக்கிவிட்டாயா? இருமல் மிட்டாயும் இத்துடன் வைத்திருக்கிறேன். இங்கே நான் சுகம். கடல் காற்று ஆரம்பித்துவிட்டது. மருந்துக்கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை.

இதைத் தொலைபேசியில் கேட்டிருக்கலாம். ஆனால் நாம் பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடம் அம்மாவின் அடக்கத்தன்று யார் அழவில்லை என்பதில் வந்து நிற்கிறோம். அதனால் கடிதம்.

என் மகள் மரைக்கெயிடமிருந்து போன வாரம் ஓர் உறை வந்தது. நான்கு வருடத்தில் முதல் தடவை. உள்ளே அவளுடைய பாட்டுக் குழுவின் நிகழ்ச்சிக்கு ஒரே ஒரு நுழைவுச்சீட்டு. டிசம்பர் 11, ஹாம்பர்க், ஞாயிறு மாலை ஐந்து மணி. கடிதம் இல்லை, ஒரு வரிகூட இல்லை. ஜனவரியில் அந்தக் குழு ஆஸ்திரேலியா போய்விடுகிறதாம், இரண்டு வருடத்துக்கு.

நான் அன்றே பயணப்பைத் தூசியைத் தட்டிவிட்டேன். மறுநாள் ஹின்ரிக்ஸ் அம்மா கடைக்கு வந்தாள்.

"உங்க பொண்ணு கச்சேரிக்கு என் மருமகன் போயிருந்தாராம். வீட்டு வாசலுக்கு வந்த பொண்ண ஒருத்தி ரயில் நேரம் சொல்லித் திருப்பி அனுப்பிடுறாளாம், அதுதான் பாட்டாம். ஜனம் காலத் தட்டித் தட்டிச் சிரிக்குதாம். யாரையோ மனசுல வெச்சுத்தான் பாடுதுன்னு சொன்னாரு. நான் ஒண்ணும் சொல்லலம்மா. இருமல் மருந்து பெரிய பாட்டிலாவே குடுங்க."

இர்மி, நான் அவளுக்கு ரயில் நேரம் சொல்லவில்லை. ஆனால் அவள் படிப்பை விட்டதும் "கடைச் சாவிய மேசை மேல வெச்சிட்டுப் போ" என்று சொன்னவள் நான்தான். அது பாட்டில் ரயிலாக மாறியிருக்கலாம் இல்லையா? முன்னூறு பேர் நடுவில் உட்கார்ந்து, என் மகளே என்னைப் பாட, ஜனம் சிரிப்பதைக் கேட்க என்னால் முடியாது.

இந்த மாதம் 24ஆம் தேதி அவர்கள் பெர்லினில் நிகழ்ச்சி நடத்துகிறார்கள். நீ போய்ப் பார். அந்தப் பாட்டில் இருப்பது நானா என்று மட்டும் சொல். நான் என்றால் டிசம்பரில் வரமாட்டேன்.

உன் அக்கா,
கெசீனெ


பெர்லின், 10 செப்டம்பர் 2005

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முதுகும் பரவாயில்லை. மிட்டாய் வந்தது, நன்றி.

இந்த மாதிரி நிகழ்ச்சிகளைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பில்லை என்பது உனக்குத் தெரியும். இதற்கு 'இருட்டுக் காபரே' என்று பெயராம். முகத்தில் சுண்ணாம்பு அப்பிக்கொண்டு, கிழிந்த காலுறை போட்டு, எண்பது வருடத்துக்கு முந்தைய பெர்லினை அப்போது பிறக்காதவர்கள் நடித்துக் காட்டுவது. அந்தக் காலத்துக் கேளிக்கை அரங்குகளின் காவல்துறைக் கோப்புகள் எங்கள் காப்பகத்தில் நாற்பது பெட்டி இருக்கின்றன. அவற்றைப் படித்தவளுக்கு இந்த வேஷம் எடுபடாது.

பாட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் கற்பனையில்தான் எழுதுவார்கள். வீணாக மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. போகத்தான் வேண்டுமா?

சரி, போகிறேன்.

இர்மெலா


பெர்லின், 26 செப்டம்பர் 2005

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

போனேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முற்றத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய நடன அரங்கு. வழக்கம்போல நாற்பது நிமிடம் முன்னதாகவே போய்விட்டேன். கதவு திறக்கவில்லை. முன்கூடத்தில் இடது பக்கத் தூணருகே என் சாம்பல் நிறக் கோட்டைப் பொத்தானிட்டு, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். முதுகு காரணமாக நான் எப்போதும் நேராகத்தான் நிற்பேன்.

இந்தக் குழுவின் ரசிகர்களுக்குள் ஒரு முறை இருக்கிறது. எனக்கு அது தெரியாது. ஒவ்வொரு ஊரிலும் ஐந்தாறு பேர் வேஷம் போட்டு முன்கூடத்தில் சிலையாக நிற்பார்கள். 'வாசல்காரர்கள்' என்று பெயர். அசையக்கூடாது, பேசக்கூடாது. யாராவது கையில் எதையாவது வைத்தால் ஒரே ஒரு முறை அசைந்து, பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும்.

என் முன்னால் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள்.

"ஏய், இவங்களப் பாரேன். அதிகாரி வேஷம். அசையவே இல்ல!"

"மூச்சாவது விடுறாங்களா?"

"பையப் பிடிச்சிருக்கிற பிடியப் பாரு. இதுக்கே ஒரு மாசம் பயிற்சி எடுத்திருக்கணும்டி."

நான் வேஷம் போடவில்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒவ்வொரு நொடி போகப்போக அதைச் சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது. ஒருத்தி என் கைப்பை மேல் காகித ரோஜாவை வைத்துவிட்டுக் காத்து நின்றாள். எதிர்த் தூணில் கல்யாண கவுனும் தாடியுமாக நின்ற ஆள், உதடு அசையாமல், "எதையாவது திருப்பிக் குடுங்கம்மா, அதான் மொறை" என்றார். கோட்டுப் பையில் கையை விட்டேன். காப்பகத்தில் பேனாவுக்கு அனுமதியில்லை என்பதால் பையில் எப்போதும் பென்சில் இருக்கும். அதை எடுத்துக் கொடுத்தேன்.

"பென்சில்! அதிகாரி பென்சில் குடுக்கிறாங்க!"

அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எனக்கு முன்னால் வரிசை. மூன்று பென்சில், ஒரு கைக்குட்டை, நீ அனுப்பிய மிட்டாய் அத்தனையும் போயிற்று. கடைசியில் வந்த ஒருவர், இதுவரை பார்த்ததிலேயே நான்தான் சிறந்த வாசல்காரி என்று தாடிக்காரரிடம் சொன்னார். அவர் முகத்தில் கொஞ்சம் வருத்தம் தெரிந்தது.

குழுவின் பெயர் 'நனைந்த தீக்குச்சிகள்'. மேடையில் இரண்டே பேர். லுட்கர் என்ற ஒல்லியான பையன் குழந்தைகளின் பொம்மைப் பியானோ வாசிக்கிறான், தச்சர் ரம்பத்தை முழங்காலில் வளைத்து வில்லால் இழுக்கிறான். அந்த ரம்பம் அழுகிற அழுகையை எந்த வயலினும் அழுது நான் கேட்டதில்லை. மரைக்கெ அக்கார்டியன் வாசித்துப் பாடுகிறாள். முகம் வெள்ளை, புருவம் கரியால் வரைந்தது. நான் இகழ்ந்து எழுதினேனே, அதே வேஷம்தான்.

அக்கா, நான் எழுதியது தவறு. இவர்கள் யாரையும் நடித்துக் காட்டவில்லை. மூன்று கணவர்களுக்கு சூப் வைத்துக் கொன்றவளின் பாட்டை அவள் அவ்வளவு மரியாதையாகப் பாடினாள். எனக்குப் பின்னால் ஒருவர் சிரித்துச் சிரித்து மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். பாட்டின் கடைசியில் அவள் நான்காவது தட்டை எடுத்துவைத்து, அதன் முன்னால் தானே உட்கார்ந்தாள். மூச்சுத் திணறியவர் சட்டென்று அடங்கிவிட்டார். சிரிப்பை எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்பது இருபத்துமூன்று வயதில் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நாற்பது பெட்டிக் கோப்புகளில் எனக்குக் கிடைக்காத ஒன்றை அந்த ஒன்றரை மணி நேரத்தில் கேட்டேன்: பயந்தவர்கள் எதற்காகப் பாடினார்கள் என்பதை.

இன்னொன்று. அவள் மேடையில் போட்டிருப்பது மருந்துக்கடை வெள்ளைக் கோட்டு. கருப்புச் சாயம் தோய்த்திருக்கிறாள். ஆனால் பையின் மேல் நீ நூலால் தைத்த அவள் பெயர் சாயம் பிடிக்காமல் வெள்ளையாகவே நிற்கிறது.

ரயில் பாட்டும் பாடினார்கள். அது உன்னைப் பற்றியது அல்ல. நிச்சயம். நீ ஹாம்பர்க் போகலாம்.

இர்மெலா


டிரெஸ்டன், 3 அக்டோபர் 2005

அன்புள்ள சித்திக்கு,

நலமாக இருக்கிறீர்களா? நாங்கள் நலம். லுட்கருக்குத்தான் ஜலதோஷம், ரம்பத்தில் தும்முகிறான்.

பெர்லினில் தாடி மணப்பெண் உள்ளே வந்து, "இடது தூணில ஒரு அம்மா நிக்கிறாங்க, எங்க எல்லார் பொழப்பிலயும் மண்ணப் போட்டுட்டாங்க" என்றான். திரை இடுக்கில் பார்த்தேன். நீங்கள். அன்றைக்குப் போட்டிருந்த அதே கோட்டு. பதினைந்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் 18.34 பாட்டை அன்றைக்கு விட்டுவிடலாமா என்று லுட்கரிடம் கேட்டேன். "பாடுறதா இருந்தா இன்னைக்குத்தான் பாடணும்" என்றான்.

பாட்டு முடிந்ததும் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்று நினைத்தேன். போகவில்லை. கடைசிவரை இருந்து, எழுந்து நின்று கைதட்டினீர்கள்.

இத்துடன் இருப்பதை உங்களுக்கு அடையாளம் தெரியும். நான்கு வருடமாக அக்கார்டியன் பெட்டிக்குள் இருந்தது. நீங்கள் எழுதியதை ஒரு எழுத்துகூட மாற்றாமல்தான் பாடுகிறேன். அதைப் பாட்டாக்கிய நாட்களில் எனக்குக் கோபம் இருந்தது. நூறு மேடையில் பாடின பிறகு பாட்டில் வரும் அந்தப் பெண்மணி எனக்குப் பிடித்துப்போய்விட்டாள். துண்டை வெப்பக்குழாய் மேல் போட்டுச் சூடாக்கித்தானே கொடுத்தாள்?

அம்மாவுக்கு சீட்டு மட்டும் அனுப்பினேன். நான்கு முறை கடிதம் எழுதிக் கிழித்தேன். அவர்கள் வந்தால் போதும்.

மரைக்கெ


ஹூசும், 5 அக்டோபர் 2005

அன்புள்ள இர்மி,

நலம்தானே? நான் அனுப்பிய மிட்டாயைப் பேய் வேஷக்காரர்களுக்கா கொடுத்தாய்! கடையில் நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். கோட்டுச் சேதி படித்தபோது சிரிக்கவில்லை. அந்தப் பெயரை நான் சிவப்பு நூலில் தைத்திருக்க வேண்டியது; அன்று சிவப்பு தீர்ந்துவிட்டது.

ஆனால் எட்டுப் பக்கம் எழுதினாய், சூப் வைத்தவளுக்கு ஒரு பக்கம், ரம்பத்துக்கு அரைப் பக்கம். நான் கேட்ட பாட்டுக்கு மூன்று வரி. என்னைப் பற்றியது அல்ல என்று உனக்கு எப்படித் தெரியும்? அவளிடம் கேட்டாயா? பாட்டில் என்ன வருகிறது? உடனே எழுது.

கெசீனெ


ஹூசும், 23 அக்டோபர் 2005

இர்மி,

பதினெட்டு நாளாயிற்று, பதில் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று உன் அலுவலகத்துக்குப் பேசினேன். நன்றாக இருக்கிறாய் என்றார்கள்.

உன்னை எனக்கு நாற்பத்தெட்டு வருடமாகத் தெரியும். உனக்கு ஒன்று தெரியும்போது நீ 'நிச்சயம்' என்று சொல்லமாட்டாய். என் மனம் புண்படக்கூடாது என்று பொய் எழுதியிருக்கிறாய். அந்தப் பாட்டில் இருப்பது நான்தான். ஜனம் சிரிப்பதும் என்னைப் பார்த்துத்தான். மகளைத் துரத்தியவளுக்கு அது சரியான தண்டனையாகவும் இருக்கலாம். ஆனால் அதைச் சீட்டு வைத்துக்கொண்டு போய் வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.

டிசம்பரில் நான் போகவில்லை. சீட்டை அவளுக்கே திருப்பி அனுப்பிவிடப் போகிறேன்.

கெசீனெ


பெர்லின், 1 நவம்பர் 2005

அன்புள்ள அக்காவுக்கு,

சீட்டை அனுப்பாதே. இதைப் படித்துவிட்டு முடிவு செய்.

அந்தப் பாட்டில் இருப்பது நான்.

2001 நவம்பரில், நீ சாவியை வாங்கிக்கொண்ட மறுநாள், மாலை ஐந்தரைக்கு அவள் என் வாசலுக்கு வந்தாள். மழை. கையில் அக்கார்டியன் பெட்டி மட்டும். "சித்தி, ஒரு வாரம் இருந்துக்கட்டுமா?" என்று கேட்டாள். தலை துவட்டத் துண்டு கொடுத்தேன். தேநீர் கொடுத்தேன். "உங்கம்மா தேடுவாங்க" என்றேன். அவள் அழுதாள். ரயில் அட்டவணையை எடுத்துப் பார்த்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தேன். நீ தேடுவாய் என்பது காரணம் இல்லை. என் மேசையில் பாதி எழுதிய கட்டுரை இருந்தது. இன்னொருத்தி மூச்சு விடும் சத்தம் அந்த வீட்டில் கேட்பதை நான் விரும்பவில்லை. அவ்வளவுதான்.

வந்து நாற்பது நிமிடத்தில் அனுப்பிவிட்டேன். அவள் அந்த ரயிலில் ஏறவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்று எட்டு மணிக்கு நீ தொலைபேசியில் கேட்டாய்: "அங்க வந்தாளா?" நான் "இல்லை" என்றேன். மறுநாளும் கேட்டாய். மறுநாளும் "இல்லை" என்றேன். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்வதென்றால் முதல் பொய்யையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. நான்கு வருடம் நீ உன்னையே குற்றம் சொல்லிக்கொண்டாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். ஒரு தடவை "நீ கொஞ்சம் கடுமையாகத்தான் நடந்துகொண்டாய்" என்றுகூடச் சொன்னேன்.

பாட்டு இப்படிப் போகிறது:

துண்டு இருக்கிறது, தலையைத் துவட்டு.
தேநீர் இருக்கிறது, சூடாகக் குடி.
பதினெட்டு முப்பத்துநான்குக்கு ரயில் இருக்கிறது,
ஹாம்பர்க்கில் மாறு, எட்டு நிமிடம் போதும்.

என் குரலில் பாடுகிறாள். கேலி இல்லை. அப்படியே என் குரல், அந்தத் தணிந்த, பண்பான, ஒருபோதும் உயராத குரல். ஜனம் ரயில் சக்கரம் மாதிரிக் காலைத் தட்டுகிறது, அது உண்மை. முதல் இரண்டு சுற்றில் சிரிக்கிறார்கள். மூன்றாவது சுற்றில் அவள் அக்கார்டியனின் துருத்தியை மட்டும் இழுத்து விடுகிறாள், சுரம் இல்லாமல். வெறும் மூச்சு. முன்னூறு பேர் காலைத் தட்டுவதை நிறுத்திவிட்டு அந்த மூச்சைக் கேட்கிறார்கள். நான் வேண்டாமென்று அனுப்பிய மூச்சுச் சத்தம், அக்கா. அதைவிடத் துல்லியமாக என்னைப் பற்றி யாரும் எதையும் எழுதிவிட முடியாது. எழுந்து நின்று கைதட்டினேன். அவள் உன் மகள் என்பதற்காக இல்லை. அது அவ்வளவு நன்றாக இருந்தது.

நீ என்னோடு பேசாமல் இருக்கலாம். ஆனால் டிசம்பர் 11 அன்று போ. அவள் உன்னைத் தண்டிக்க அழைக்கவில்லை. உனக்காக எழுதிக் கிழித்த கடிதங்கள் நான்கு என்று எனக்கு எழுதியிருக்கிறாள்.

இர்மெலா


பெர்லின், 20 நவம்பர் 2005

அன்புள்ள மரைக்கெ,

நலமா? லுட்கரின் ஜலதோஷம் தீர்ந்ததா?

உன் கடிதத்துக்கு ஏழு வாரம் கழித்துப் பதில் எழுதுகிறேன். மன்னிப்பு என்ற சொல்லை எழுதிப் பார்த்தேன். என் கையெழுத்தில் அது அலுவலகக் குறிப்பு மாதிரி இருக்கிறது. உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பத்தொன்பது நாளாகப் பதில் இல்லை. வருவாளா என்று எனக்குத் தெரியாது.

ஒரு விண்ணப்பம். ஹாம்பர்க் முன்கூடத்தில் நிற்க ஓர் இடம் கிடைக்குமா? இந்தத் தடவை தெரிந்தே நிற்க விரும்புகிறேன்.

உன் சித்தி,
இர்மெலா


பிரேமன், 25 நவம்பர் 2005

சித்தி,

இடது பக்கத் தூண். அதே கோட்டு. தாடி மணப்பெண் வலது பக்கம். பென்சில் கொடுத்து ஆளைக் கவிழ்க்காதீர்களாம்.

மரைக்கெ


ஹூசும், 18 டிசம்பர் 2005

இர்மி,

நலமா என்று இந்தக் கடிதத்தைத் தொடங்க மாட்டேன். ஆறு வாரம் உன் கடிதம் கடையில் விஷமருந்து அலமாரிக்குள் பூட்டி இருந்தது. சாவி என்னிடம். தினமும் திறந்து படித்தேன்.

இரண்டு தடவை 'இல்லை' என்றாய். அந்த இரண்டு ராத்திரியும் நான் துறைமுகச் சுவரோரம் டார்ச் விளக்கோடு நடந்தேன். அது உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

ஹாம்பர்க் வந்தேன், நீ பார்த்தாய். பார்க்காத மாதிரி நின்றாய், ஏனென்றால் அசையக்கூடாது. கையில் அந்தத் துண்டுச் சீட்டை எல்லோரும் படிக்கும்படி விரித்துப் பிடித்திருந்தாய். எனக்கு முன்னால் நின்ற பெண் படித்துவிட்டுப் பக்கத்துப் பெண்ணின் கையைப் பிடித்தாள். "ஏய், அந்தப் பாட்டு இவங்கதான்டி. வேஷம் இல்லடி, நெஜமாவே இவங்க." இருவரும் எதுவும் வைக்காமல் குரலைத் தணித்துக்கொண்டு போனார்கள். உன் முகத்தில் வெள்ளைப் பூச்சு இல்லை. அவ்வளவு பேருக்கு நடுவே பூச்சு இல்லாமல் நின்றது நீ ஒருத்திதான்.

பத்து நிமிடம் உன் எதிரே நின்றேன். கைப்பையில் மிட்டாய்ப் பெட்டி இருந்தது. எடுக்கவில்லை. நான் எதுவும் தரவில்லை, நீ அசையவில்லை.

உள்ளே போனேன். முதல் பாட்டிலேயே எனக்குப் புரிந்துவிட்டது: மருந்து கலக்குகிறவளுக்குத் தேவையானது அவளிடம் இருக்கிறது. எதை எத்தனை துளி என்பது. சூப்காரி பாட்டுக்கு நான் மேசையைத் தட்டிச் சிரித்தேன், பக்கத்து ஆள் தன் கோப்பையைப் பிடித்துக்கொண்டார். ரயில் பாட்டில் நீ எழுதிய அந்த மூச்சு வந்தது. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பசிக்கு அழுது ஓய்ந்து தூங்கும்போது அப்படித்தான் விடுவாள். வேறு யாருக்கும் அது தெரிந்திருக்க முடியாது. ஆனாலும் மொத்த அரங்கும் அசையாமல் கேட்டது. அதைத்தான் நீ வியந்தாய் போலும்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். இத்தனை நாள் மனதுக்குள் பேசிப் பழகியதெல்லாம் மறந்துபோயிற்று. "கோட்டுல மூணாவது பொத்தான் தொங்குது" என்றேன்.

"நாலு வருசமாத் தொங்குதும்மா," என்றாள்.

"ஊசி இருக்கா?"

"இருக்கு. நூல் கருப்பு மட்டுந்தான்."

அவளைக் கோட்டைக் கழற்றவிடாமல், போட்டிருந்தபடியே தைத்தேன். வெள்ளைப் பூச்சு என் கன்னமெல்லாம். லுட்கர் ரம்பத்தைத் துடைக்கிற சாக்கில் வெளியே போய்விட்டான். 19.40க்கு எனக்கு ரயில். கடிகாரத்தைப் பார்த்தேன். "அம்மா, அந்த ரயில் போகட்டும்" என்றாள். போகட்டும் என்று விட்டேன். ஜனவரியில் அவர்கள் ஆஸ்திரேலியா போகட்டும். கிறிஸ்துமஸ் முழுக்க அவள் ஹூசுமில்தான். இப்போது மேலே அக்கார்டியன் சத்தம். ஹின்ரிக்ஸ் அம்மா இரண்டு தடவை இருமல் மருந்து வாங்க வந்துவிட்டாள், இருமாமலேயே.

வெளியே வந்தபோது உன் தூண் காலியாக இருந்தது. நீ நிற்பாய் என்று நினைத்திருந்தேன். தாடிக்காரர் சொன்னார்: "அவங்க கடைசிவரைக்கும் அசையலங்க. யாரும் எதுவும் வைக்கல."

என் கோபம் இன்னும் இருக்கிறது. அது எவ்வளவு நாள் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதைக் கடிதத்தில் எழுத முடியாது, தொலைபேசியிலும் முடியாது. எதிரே நீ உட்கார்ந்திருக்க வேண்டும்.

கீழே இருப்பது அட்டவணையைப் பார்த்து நானே எழுதியது. என் கையெழுத்து உன்னுடையது மாதிரி அழகில்லை.

டிசம்பர் 24. பெர்லின் 10.16. ஹாம்பர்க்கில் மாறு, எட்டு நிமிடம் போதும். ஹூசும் 14.20.

திரும்பிப் போகும் ரயில்களை நான் பார்க்கவில்லை.

அவ்வளவு நேரம் நின்றதில் முதுகு எப்படி இருக்கிறது?

கெசீனெ